வெற்றிடம் என்று எதைச் சொல்கிறீர்கள்?



நீண்ட பதிவு இது. பொறுமையுடன் படியுங்கள். உடன்பட முடியாத இடங்களில் மறுத்து எழுதுங்கள். மறுப்பை எதிர்பார்த்தே எழுதுகிறேன்.

சென்ற அக்டோபரில் ஒரு திங்கட்கிழமைக் காலை, வழக்கம்போல் குறிப்பேட்டுடன் என் ஆய்வுக் களத்துக்குச் சென்றேன். விடுதிக்குப் பின்னால், பாறைத் திட்டை ஒட்டிய மேட்டுநிலம் அது. அங்கே ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட 12 சதுரங்களை இரும்புக் கம்பி நட்டு வகுத்திருந்தேன். மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் ஒவ்வொரு சதுரத்திலும் எந்தப் புல் எத்தனை தூர் நிற்கிறது என்று எண்ணுவது என் வேலை. இரண்டு பருவமழைகளின் கணக்கு முடிந்து, மூன்றாவதற்காகப் போயிருந்தேன். கம்பிகளும் இல்லை, புல்லும் இல்லை. பொக்லைன் இயந்திரம் மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்திருந்தது. ஊசிப்புல் கதிர் பிடித்திருந்த நேரம். விதை இன்னும் உதிரவில்லை. நான்கு நாட்களில் லாரியில் மெக்சிகன் புல் வந்து பாய்போல விரிக்கப்பட்டது. அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வந்தது, அப்புல்வெளியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டது, போய்விட்டது.

வளாகப் பராமரிப்புப் பிரிவுக்குச் சென்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி கடுமையாகப் பேசவில்லை, தேநீர் வரவழைத்தார். வளாக வரைபடத்தை மேசைமீது விரித்து, என் களம் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கட்டடங்கள் சாம்பல் நிறத்திலும், தோட்டங்கள் பச்சையிலும், சாலைகள் கறுப்பிலும் இருந்தன. என் இடம் வெள்ளையாக இருந்தது. "அங்கே ஒன்றுமே இல்லையே" என்றார். வேண்டுமானால் வேறோர் இடம் ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த வரைபடத்தில் அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை.

நான் பயிலும் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தக்காணப் பீடபூமியில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் என்பது போதும். பெயரைச் சொன்னால் இது ஓர் அலுவலகத்தின் தவறாகச் சுருங்கிவிடும். இந்தியாவின் பெரும்பாலான வளாகங்களில் நடப்பது இதுவே என்ற உண்மை மறைந்துவிடும்.

என் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, "ஒன்றுமில்லை" என்ற சொல்லால் நம் நிலத்தை நாமே கைவிட்டுவிடுகிறோம். வெளியிலிருந்து ஒருவர் அதைக் கேட்டு வரும்போது நம்மிடம் எதிர்வாதம் இல்லாமற்போவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கைவிடலில் நிர்வாகத்துக்கு இணையான பங்கு, உயிரியலும் சூழலியலும் கற்பிக்கும் நமக்கும் உண்டு.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். புறம்போக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்வை விதிப்புக்குப் புறம்பே வைக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஊர்ப் பொதுவாய் ஆடுமாடுகள் மேய்ந்த வெளி, ஏரியின் உள்வாய், சுடுகாடு, மந்தைவெளி ஆகியவை எல்லாம் அந்தத் தலைப்பின்கீழ் வந்தன. வரி தராதது பயனற்றது என்று வருவாய்த்துறை கண்ட பார்வை மெல்ல மெல்ல ஊர்ப் பேச்சிலும் ஏறி, இன்று அச்சொல் மனிதரை ஏசும் வசையாகியிருக்கிறது. தமிழ்ச் சொல்லான இது வருவாய் ஆவணங்களின் வழியே தக்காணத்திலும் பரவியது.

ஆங்கிலேய ஆட்சியோடு இது முடிந்துவிடவில்லை. ஒன்றிய அரசின் நில வளத்துறையும் ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து வெளியிடும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில், புதர் நிலமும் தரிசு வகைகளுள் ஒன்றாகவே இடம்பெறுகிறது. நாட்டின் வறண்ட பகுதிகளில் இயற்கையாக அமைந்த புல்வெளிகள், புதர்க்காடுகள், பாறைவெளிகள் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் வரைபடமாக்கி, 2022இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவற்றின் பரப்பு சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர்; இந்திய நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. காடு வெட்டப்பட்டதால் மிஞ்சிய எச்சம் என்று இந்நிலத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. மழையும் நெருப்பும் மேய்ச்சலும் நெடுங்காலமாகச் சேர்ந்து செதுக்கிய, தனக்கென்று தனித் தாவரங்களும் விலங்குகளும் கொண்ட வாழிடம் அது. முல்லை என்று ஒரு திணையையே வகுத்து வைத்த மொழியில் படித்து வந்த நமக்கு, மேய்ச்சல் வெளியும் ஒரு நிலவகை என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது 2025ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில், மார்ச் மாத இறுதியில் மண் அள்ளும் இயந்திரங்கள் அணியாக நுழைந்தன. தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்காக அந்நிலத்தை மேம்படுத்துவது தெலங்கானா அரசின் திட்டம். தடுக்கப்போன மாணவர்கள் காவல் வாகனங்களில் ஏற்றப்பட்டார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, எல்லாப் பணிகளையும் நிறுத்தியது. ஆய்வுக்குச் சென்ற உயர் நீதிமன்றப் பதிவாளர், சுமார் 100 ஏக்கர் ஏற்கெனவே வழிக்கப்பட்டுவிட்டதாக அறிக்கை அளித்தார்.

அந்த வழக்கில் அரசு முன்வைத்த வாதத்தைக் கவனியுங்கள். ஆவணப்படி அது காடன்று, பயன்படுத்தாமல் விடப்பட்டதால் செடிகொடிகள் மண்டிப்போன இடம், அவ்வளவே. 'கஞ்ச' என்ற தெலுங்குச் சொல்லுக்கே மேய்ச்சலுக்கு ஒதுக்கிய நிலம் என்று பொருள். நிலத்தின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு அருகிலேயே 'புறம்போக்கு' என்ற சொல்லும் இருந்தது. எந்தச் சொல்லுக்கு வலிமை அதிகம் என்பதை இயந்திரங்கள் காட்டின.

அந்த நாட்களில் நாம் எல்லோரும் கொதித்தோம். கூட்டறிக்கைகளில் கையொப்பமிட்டோம். நானும் இட்டேன். அங்கே நட்சத்திர ஆமை வாழ்கிறது, புள்ளிமான் வாழ்கிறது, 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன, ஹைதராபாத்தின் பெயரையே தாங்கிய சிலந்தி இனம் அவ்வளாகத்திலிருந்துதான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று என்றெல்லாம் எழுதினோம். அந்தத் தகவல்கள் எங்கிருந்து கிடைத்தன? பல்லாண்டுகளாகப் பைனாகுலரோடும் குறிப்பேட்டோடும் அலைந்த மாணவர்களும், சில ஆசிரியர்களும், நகரத்துப் பறவை நோக்கர்களும் சேர்த்த பட்டியல்களிலிருந்து. அந்தப் பட்டியல்கள் மட்டும் இல்லாதிருந்தால், "மண்டிப்போன இடம்" என்ற வாதத்துக்கு மறுமொழி கூற யாரால் முடிந்திருக்கும்?

ஆகவே என் கேள்வி உங்களுக்கும் எனக்கும்தான். உங்கள் வளாகத்துக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? நாளைக் காலை உங்கள் நூலகத்துக்குப் பின்னால் இயந்திரம் வந்து நின்றால், அங்கே என்ன இருக்கிறது என்று ஆதாரத்தோடு சொல்ல உங்கள் துறையில் ஒருவரேனும் உண்டா? மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளைப் பற்றியும் அமேசான் காடுகளைப் பற்றியும் கருத்தரங்கு நடத்துகிறோம். அரங்கத்தின் சன்னலுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் பேச்சைக் குலைத்தால், சன்னலை மூடச் சொல்கிறோம்.

அழிவு எப்போதும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதில்லை. பல வளாகங்களில் அது 'பசுமை' என்ற பெயரோடு வருகிறது. தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவைக்காக நிறுவனங்கள் நிரப்பிவந்த படிவத்தின் ஏழாம் அளவுகோலைப் பாருங்கள். பசுமை வளாக முயற்சிகள் என்ற தலைப்பில் அங்கே கேட்கப்படுபவை: வாகனக் கட்டுப்பாடு, மிதிவண்டி அல்லது மின்கல வண்டிப் பயன்பாடு, நடைபாதை, பிளாஸ்டிக் தடை, நில அழகூட்டல். எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. அழகூட்டல் இருக்கிறது. அதற்குச் சான்றாகப் படங்கள் போதும். ஆகவே படத்தில் நன்றாக விழும் பச்சை நடப்படுகிறது: ராயல் பாம், டுரண்டா வேலி, மெக்சிகன் புல், கோனோகார்பஸ். சுவாச ஒவ்வாமையையும் நிலத்தடிக் குழாய்களுக்கு வேர்களால் ஏற்படும் சேதத்தையும் காரணம் காட்டிக் குஜராத் அரசு 2023இல் தடை செய்த மரம் இந்தக் கோனோகார்பஸ். கோடையில் மாணவர் விடுதிக்குத் தண்ணீர் நேரம் குறைக்கப்படும். அதே வாரத்தில் நுழைவாயில் புல்தரைக்கு லாரித் தண்ணீர் பாயும். நம்மில் பலர் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்.

மரம் நடுவது என்றால் எவரும் எதிர்க்கமாட்டார்கள் என்பதால், மரம் நடுதல் இன்று கேள்வி கேட்கப்படாத புண்ணியமாகிவிட்டது. அண்மைக் காலத்தில் மியாவாக்கி முறை என்ற பெயரில் ஒரு சிறு துண்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நெருக்கி நட்டுக் கல்வெட்டுத் திறக்கிறார்கள். அகிரா மியாவாக்கி அம்முறையை வகுத்தது ஜப்பானில். மூடிய காடு இயல்பாகவே வளரக்கூடிய மண்ணுக்காக. குப்பை கொட்டிய மனையிலோ, சிமென்ட் உடைத்தெடுத்த இடத்திலோ அதைச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊசிப்புல்லும் ஆவாரையும் இலந்தையும் நிற்கும் வெளியைச் சுரண்டிவிட்டுச் செய்தால், வெயிலில் வாழும் இனங்கள் அனைத்தையும் நிழலால் கொல்கிறோம். தரையில் கூடு வைக்கும் ஆள்காட்டியும் வானம்பாடியும் அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் முட்டையிடுவதில்லை. காடையும் கௌதாரியும் பக்கியும் நாடுவது புல்லையும் புதரையும்தான்.

சென்னைக் கிண்டியை நினைத்துப்பாருங்கள். காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலத்தில் 1959இல் அமைந்தது இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மிஞ்சிய காட்டின் ஒரு பகுதி 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இரு வகை மான்கள் வாழ்கின்றன. புள்ளிமான் மரநிழலிலும் தழைக்கும். மற்றொன்றுக்குத் தமிழில் வெளிமான் என்று பெயர். அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடிப் பிழைக்கும் உடலமைப்பு அதற்கு. வெளியை எல்லாம் மரத்தால் நிரப்பிவிட்டு வெளிமானைக் காப்பாற்றுவோம் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. அதற்கு எது தேவை என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

எனினும், "அப்படியே விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்வதாகக் கருதவேண்டாம். விட்டுவிடுவது பராமரிப்பாகாது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆரவல்லித் தொடரின் முகட்டில் இருக்கிறது. அம்முகட்டின் பெரும்பகுதியைச் சீமைக்கருவேல் விழுங்கியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். அந்தப் பச்சையை நம்பி விட்டிருந்தால் ஆரவல்லியின் சொந்தத் தாவரங்களுக்கு இடமே கிடைத்திராது. அதே நகரில், வசந்த விஹார் பக்கம், சுரங்கம் தோண்டிப் பாழ்பட்டுச் சீமைக்கருவேல் பரவிக் கிடந்த நிலத்தை டெல்லி வளர்ச்சி ஆணையமும் டெல்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர்களும் சேர்ந்து ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்காவாக மாற்றினார்கள். அயல்மரத்தைப் படிப்படியாக விலக்கி, அந்நிலத்துக்குரிய மரங்களையும் புற்களையும் மீண்டும் கொண்டுவந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவு நகரத்தின் நிலத்தை மீட்டது. அதே அறிவைத் தத்தம் வாசலில் பயன்படுத்த ஏன் இத்தனை தயக்கம்?

முன்னோடிகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பல்லுயிர் மரபுத் தலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைக்கொண்டு கர்நாடக அரசு 2010இல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தையே மரபுத் தலமாக அறிவித்தது. மலையுச்சியும் கோயில்காடும் மட்டுமே அத்தகுதிக்கு உரியவை என்று எண்ணியிருந்தோருக்கு அது ஒரு பாடம். அதே நகரில் இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்தில் இன்றும் தேவாங்குகள் வாழ்கின்றன. தேவாங்கு தரையில் இறங்க அஞ்சும் விலங்கு. கிளைக்குக் கிளை தொடர்ச்சி வேண்டும் அதற்கு. சாலை அகலப்படுத்த நான்கு மரங்களை வெட்டினால் கணக்கில் நான்கு மரங்கள்தான் குறையும். தேவாங்குக்கு ஒரு பாதையே அறுந்துபோகும். இத்தகைய உண்மை அங்கே வாழ்வதைக் கவனிப்பவருக்குத்தான் தெரியும்; மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

கவனிப்பதற்கு ஆள் இல்லை என்பது நம் வழக்கமான சாக்கு. அதையும் பார்த்துவிடுவோம். எல்லா மாணவருக்கும் சுற்றுச்சூழல் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் கட்டாயத்தாள் ஒன்றை வகுத்தது. அந்தப் பாடத்திட்டத்தின் இறுதி அலகு களப்பணி. உள்ளூரின் ஆறு, காடு, புல்வெளி, மலை ஆகியவற்றை ஆவணப்படுத்துவதும், பொதுவாகக் காணப்படும் தாவரங்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் கற்பதும் அதில் எழுத்திலேயே இருக்கின்றன. எத்தனை கல்லூரிகளில் அந்த அலகு களத்தில் நடக்கிறது? என் இளநிலைப் படிப்பில், முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். ஆசிரியருக்குத் தெரியும்; கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 1,000 பேர் சேரும் ஒரு கல்லூரியில், ஒவ்வொருவரும் ஒரே ஒரு செடியையோ பூச்சியையோ ஆண்டு முழுவதும் கவனித்து எழுதியிருந்தால், அக்கல்லூரி நிலத்தைப் பற்றி இன்று எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அந்த அறிவை வாங்க ஒரு ரூபாய்கூடத் தேவைப்பட்டிராது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றுள் மிகக் கனமானது இடத்தேவை. 2006ஆம் ஆண்டின் இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப்பின் மத்தியக் கல்வி நிறுவனங்களில் இடங்கள் பெருகின, வகுப்பறையும் விடுதியும் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன. "புல்லுக்காக ஏழை மாணவரின் விடுதியைத் தடுக்கிறீர்களா?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நான் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் ஆடு மேய்த்த குடும்பத்தின் முதல் பட்டதாரி. விடுதி இல்லையென்றால் முதலில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்களே. ஆகவே இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு: என் 12 சதுரங்களை அழித்த இடத்தில் விடுதி எழவில்லை, யாரும் கால்வைக்கக்கூடாத புல்தரை வந்திருக்கிறது. விடுதி கட்டுங்கள். உயரமாகக் கட்டுங்கள். பழுதடைந்த பழைய கட்டடங்களின் இடத்தில் கட்டுங்கள், கார்கள் நிற்கும் கான்கிரீட் தரையில் கட்டுங்கள். எல்லா வழியையும் பார்த்தபின் புல்வெளிதான் மிஞ்சுகிறது என்றால், அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு முழு ஆண்டு பதிவு செய்தபின் முடிவெடுங்கள். ஏழை மாணவரின் பெயரைச் சொல்லி அழகுத் தோட்டம் போடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

இரண்டாவது எதிர்வாதம் பாம்பும் பாதுகாப்பும். இரவில் நூலகத்திலிருந்து திரும்பும் மாணவியரின் அச்சத்தை நான் சிறிதாக்கவில்லை. பாதையின் இருபுறமும் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லை எப்போதும் குட்டையாக வெட்டி வையுங்கள். தரையை நோக்கிய விளக்குகளை வையுங்கள். உணவகத்தின் எச்சிலைத் திறந்த தொட்டியில் கொட்டாதீர்கள். எச்சிலுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். 200 மீட்டர் தள்ளியுள்ள புதரை அழிப்பதால் பாதைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

மூன்றாவது, சூழல் ஆர்வலர்களாகிய நாம் கேட்க விரும்பாத ஒன்று. வளாகச் சுவர் எழும்பியபோது நாம் உள்ளேயும் மேய்ப்பர் வெளியேயும் ஆனோம். அவர்களின் ஆடுமாடுகள் மேய்ந்ததாலேயே பல இடங்களில் அந்த வெளி வெளியாக இருந்தது. அவர்களைத் தடுத்துவிட்டு, நெருப்பையும் தடுத்துவிட்டு, உண்ணிச்செடி பரவியபின், "பல்லுயிர் வளாகம்" என்று பலகை வைத்துக்கொள்கிறோம். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதற்குச் செயலால்தான் மறுமொழி சொல்ல முடியும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஒவ்வொன்றும் ஒரு துணைவேந்தரின் கையொப்பத்தில் நடக்கக்கூடியவை. பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.

ஒன்று: ஒவ்வொரு வளாகமும் நான்கு பருவங்களிலும் எடுத்த பல்லுயிர்ப் பதிவேட்டைப் பொதுவில் வைக்கட்டும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடெங்கும் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். ஆனால் நான்கு நாள் பறவைகளோடு நின்றுவிடாமல் புல், பூச்சி, சிலந்தி, ஊர்வன வரை அது செல்லட்டும்.

இரண்டு: வெட்டுவதற்கு ஒரு நாட்காட்டி வேண்டும். விளையாட்டுத் திடலையும் பாதையோரத்தையும் எப்போதும் வெட்டலாம். மற்ற வெளியில், புல் விதை உதிர்க்கும்வரை, அதாவது தக்காணத்தில் டிசம்பர் வரை, இயந்திரம் இறங்கக்கூடாது. அதன்பின் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டி, அந்த வைக்கோலைச் சுற்றுப்புற ஊராருக்குக் கொடுங்கள். கோடைத்தீயைத் தடுக்க இடையிடையே தீத்தடுப்புக் கோடுகள் இடுங்கள்.

மூன்று: சீமைக்கருவேல், உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றைப் பகுதி பகுதியாக நீக்குங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்தால் அவற்றில் ஒதுங்கியிருக்கும் பறவைகளும் போக்கிடமின்றிப் போகும்.

நான்கு: சருகைக் கொளுத்தாதீர்கள். மரத்தடிச் சருகு மரத்தடியிலேயே மக்கட்டும். பாதையில் விழுந்தது உரக்குழிக்குப் போகட்டும்.

ஐந்து: கட்டடக் குழுவில் சூழலியல் அறிந்த ஆசிரியர் ஒருவரும் மாணவப் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற வேண்டும். வளாக வரைபடத்தில் வெள்ளை நிறம் இனி இருக்கக்கூடாது. புல்வெளி என்றோ, பாறைத்திட்டு என்றோ, புதர் என்றோ ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும் நிறமும் வேண்டும்.

ஆறு: நாய்களைப் பற்றிப் பேசும் துணிவு வேண்டும். மான்குட்டியையும் தரையில் கூடு வைக்கும் பறவைகளையும் வேட்டையாடும் நாய்க்கூட்டத்தை நம் எச்சிலே வளர்க்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும், கழிவு மேலாண்மையும் நடந்தாக வேண்டும். ஒருபுறம் சோறு வைத்துவிட்டு மறுபுறம் மானுக்காகக் கண்ணீர் விடுவதில் பயனில்லை.

ஏழாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வளாகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் புல் வெட்டும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். முதலாண்டில் நான் வகைப்பாட்டு நூலை வைத்துக்கொண்டு புற்களோடு போராடியபோது, அவர் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, மாடு தின்னும் புல், தின்னாத புல், கூரைக்குப் போகும் புல், துடைப்பத்துக்குப் போகும் புல் என்று பிரித்துப் போட்டார். நான் ஒன்றென்று எண்ணியிருந்த ஒன்றை அவர் இரண்டாகப் பிரித்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், இரண்டு இனங்கள்தாம். என் சதுரங்களை இயந்திரம் வழித்த அன்று, அங்கே கம்பி நட்டிருக்கிறது, அந்தப் பையனின் படிப்பு அங்கே இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னவரும் அவர் ஒருவரே. அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. அந்நிலத்தை அறிந்தோருள் முதன்மையானவர் அவர். ஆனால் வெட்டும் நாளைத் தீர்மானிப்பதில் அவருக்குக் குரல் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் அறிவு பதிவேட்டில் அவர்களின் பெயரோடு இடம்பெற வேண்டும். அந்தப் பணிக்குத் தனியே ஊதியம் தரப்பட வேண்டும். இதுவே ஏழாவது கோரிக்கை.

தெலங்கானாவில் பதுகம்மா விழாவுக்குத் தங்கேடுப் பூவும் குனுகுப் பூவும் வேண்டும். தங்கேடு என்பது நம் ஆவாரை. குனுகு என்பது நம் பண்ணைக்கீரை. இரண்டும் நட்டு வளர்க்கும் தோட்டச்செடிகள் அல்ல. வெளியிலும் வயலோரத்திலும் தாமாக வளர்பவை. ஆவாரை அம்மாநிலத்தின் மாநில மலரும்கூட. விழாவைக் கலையரங்கில் கொண்டாடிவிட்டு, பூவை வெளியிலிருந்து விலைக்கு வாங்கிவிட்டு, அதே செடியை வளாகத்தில் களையென்று பிடுங்கும் நிறுவனங்கள் எந்தப் பண்பாட்டைக் காக்கின்றன என்று அவையே சொல்லட்டும்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் மூன்றாம் ஆண்டுத் தரவு இல்லை. ஏன் இல்லை என்பதை ஒரு பத்தியில் உள்ளபடியே எழுதப்போகிறேன். நெறியாளர், "தவிர்க்கவியலாத காரணங்களால்" என்று எழுதினால் போதும் என்றார். என் நலம் கருதியே சொன்னார், அதை அறிவேன். ஆனால் இது தவிர்க்கக்கூடியதாக இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்க்கக்கூடியதாக இருந்தது.

புதிய புல்தரையின் ஓரத்தில், வழித்தெடுத்த மண்ணை இன்னும் அள்ளவில்லை. மேல்மண்ணோடு விதையும் அங்கே குவிந்திருக்கிறது. ஊசிப்புல்லின் விதைக்கு ஒரு வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்தும், காய்ந்தால் முறுக்கேறியும், விதையை மண்ணுக்குள் திருகி இறக்கும். பருவமழை வந்தபின் அந்தக் குவியலில் என்ன முளைக்கிறது என்று எண்ணப்போகிறேன். முதல் மழைக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு விடுதிப் பின்வாசலில் நிற்பேன். எங்கள் வளாகத்து நண்பர்கள் வரலாம். ஒரு குறிப்பேடு போதும். மற்ற வளாகங்களில் உள்ளோர் அன்று தத்தம் நூலகத்துக்குப் பின்னால் சென்று பாருங்கள். பார்த்ததை எழுதி, தேதியிட்டு, பலர் காணும்படி வையுங்கள். மண்ணை அள்ளும் லாரி மழைக்கு முன்பே வந்துவிடாதிருக்க, இன்று காலை பராமரிப்புப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கியிருக்கிறேன்.

பதிவைப் பகிர விரும்புவோர் என் அனுமதி கேட்காமலே பகிரலாம்.